ஓரத்தில் எழுதிய பெயர்கள்

ஓஷ்
ஹிஜ்ரி 1301, ரபியுல் ஆகிர் 6

மர்கிலான் காஜியின் நீதிக் கச்சேரி எழுத்தர் மிர்ஜா இனாயத்துல்லா அண்ணனுக்கு, நடிகன் நார்மத் சொல்லச் சொல்ல எழுதப்படுவது.

ஸலாம் சொல்ற நிலைமையில நான் இல்ல. ஸலாம் இல்லாம கடிதம் தொடங்கறது பாவம்னு இந்தச் சாயாக்கடை எழுத்தர் பேனாவைக் கீழ வெச்சுட்டார். அதனால ஸலாம். முடிஞ்சுதா? இப்ப எழுதும்யா. நான் பேசறத அப்படியே எழுதும், அழகு பண்ணாதீர்.

அண்ணே, என்ன காரியம் பண்ணிட்டீங்க?

போன வியாழக்கிழமை உங்க ஊர்ல, பட்டுக்காரர் வீட்டுச் சுன்னத்து விருந்துல 'முலாம்பழக் காஜி' ஆடிக்கிட்டிருந்தோம். நான்தான் காஜி. வயித்துல தலையணை, தலையில மூட்டை மாதிரி தலைப்பாகை. என் ஜோடி ஆஷூர் அண்ணனாவும் தம்பியாவும் மாறி மாறி வந்து, "பழம் எனக்கு, பழம் எனக்கு"ன்னு வழக்குப் பேசறான். ரெண்டு பக்க நியாயத்தையும் ருசி பார்த்துப் பார்த்து நான் பழத்துல முக்காவாசி முழுங்கியாச்சு. ஜனம் தரையில உருளுது. அப்ப வந்தாங்க கச்சேரிச் சேவகர்கள், ஆறு பேரு. சரி, இவனுங்களும் சிரிக்கத்தான் வந்திருக்கானுங்கன்னு நெனச்சேன். அவனுங்க தலைவன் கையில ஒரு புத்தகம். எல்லார் முன்னாலயும் விரிச்சு வாசிச்சான்: "ஏழாம் அத்தியாயம், முலாம்பழக் காஜி. ஓரக்குறிப்பு: இது மர்கிலான் காஜி புர்ஹான் அவர்களைக் குறிக்கும்."

எனக்கு எழுத்து தெரியாது. ஆனா அது யாரோட கைன்னு தெரியும். ரெண்டு குளிர்காலம் உங்க வீட்டு அடுப்போரமா உக்கார வெச்சு, "அப்புறம் என்ன நடந்தது, நார்மத் தம்பி? அது எந்த வருடம், நார்மத் தம்பி?"ன்னு சாயா ஊத்தி ஊத்திக் கேட்டது நீங்கதானே? இதுக்குத்தானா?

நான் கூரை ஏறிப் பின்பக்கமாக் குதிச்சு, ஊர் ஊரா நடந்து ஓஷ் வந்து சேர்ந்தேன். ஐம்பத்திரண்டு வயசு, ஒரு கால் குட்டை, வயித்துல தலையணை. ஆஷூர் மாட்டிக்கிட்டான். காஜிய பேர் சொல்லி அவமானப்படுத்தினதா வழக்காம். நவ்ரோஸ் பண்டிகை முடிஞ்சதும் விசாரணை. ஒன்றரை வருஷம் போடுவாங்கன்னு பேசிக்கறாங்க. அவன் நெஞ்சுச்சளி உங்களுக்குத் தெரியும். அந்த ஈரச் சுவத்துக்குள்ள ஒரு குளிர்காலம் தாங்க மாட்டான்.

நீங்க ஒண்ணே ஒண்ணுதான் செய்யணும். சபையில எழுந்து நின்னு, "அந்தப் பேரெல்லாம் நானா எழுதினது, நடிகர்கள் யாரையும் பேர் சொன்னதில்ல"ன்னு சொல்லணும். ஒரு வாக்கியம். முப்பத்தோரு வருஷமா மத்தவங்க வாக்கியத்தை எழுதினீங்களே, ஒண்ணு உங்களுதா இருக்கட்டும்.

நார்மத்


மர்கிலான்
ரபியுல் ஆகிர் 15

தம்பி நார்மத் அவர்களுக்கு ஸலாம்.

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். இந்தப் பதில் மூன்றாவது வரைவு. முதல் இரண்டில் என்னையே அதிகம் காப்பாற்றிக் கொண்டதாகப் பட்டது. இதிலும் அப்படி இருந்தால் மன்னிக்கவும்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். இலையுதிர் காலத்தில் ஒரு ரஷ்யத் துரை கச்சேரிக்கு வந்தார். நம் மொழியைக் கற்கிறவர். சட்ட நூல்களின் மொழி வேண்டாம், சந்தையில் பேசுகிற மொழியில் ஏதாவது எழுத்து உண்டா என்று கேட்டார். என்னிடம் இருந்தது ஒன்றுதான், 'நார்மத் என்னும் நடிகரின் வாழ்வும் தொழிலும்', பன்னிரண்டு அத்தியாயங்கள். பெருமைப்பட்டேன் என்பதை மறைக்கவில்லை. அறுபத்தாறு வயதில் முதன்முறையாக ஒருவர் நான் எழுதியதைக் கேட்கிறார். பிரதி எடுத்துக் கொடுத்தேன். புரியாத சொற்களுக்குப் பொருள் கேட்க அவர் அதைத் தம் மொழிபெயர்ப்பாளரிடம் தந்திருக்கிறார். மொழிபெயர்ப்பாளர் நம் காஜியின் சகோதரி மகன். இதை நான் யோசித்திருக்க வேண்டும்.

ஓரக்குறிப்புகளைப் பற்றி. மதரஸாவில் பதினொரு ஆண்டுகள் படித்தேன். அங்கே நடுவில் மூலம் இருக்கும், சுற்றிலும் ஓரத்தில் விளக்கம் இருக்கும். விளக்கம் இல்லாத ஏட்டை எங்கள் ஆசிரியர்கள் கையால் தொட மாட்டார்கள். காலியான ஓரத்தைக் கண்டால் இன்றும் என் கை சும்மா இருக்காது. நாற்பது நாடகங்களை எழுதினேன். ஒவ்வொன்றின் ஓரத்திலும் அது யாரைப் பற்றியது என்று குறித்தேன். பின்னாளில் வாசிப்பவர்கள் அறியட்டும் என்றுதான். கெட்ட எண்ணம் இல்லை.

நீங்கள் கேட்டதைச் செய்ய முடியுமா என்று தெரியவில்லை. அந்தக் குறிப்பு சரியானது. சரியானதை என் கற்பனை என்று சபையில் சொன்னால் அது பொய்ச்சாட்சி. பிறர் சொன்ன பொய்ச்சாட்சிகளை எழுதியிருக்கிறேன். நானே சொன்னதில்லை.

ஆஷூருக்கு ரொட்டி கொண்டு போனேன். சிறைத் தெருவின் முனை வரை இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் சேவகர்கள் என் முகத்தை உற்றுப் பார்த்தார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

இனாயத்துல்லா


ஓஷ்
ரபியுல் ஆகிர் 24

மிர்ஜாவுக்கு,

தெருமுனை வரைக்கும் போனீராமே. ரொட்டிக்கு நடை பழக்கிட்டு வந்திருக்கீர்.

நீர் எனக்குக் குடுத்த பிரதி என் அங்கிக்குள்ளயேதான் இருந்துச்சு. தாயத்து மாதிரி ஒரு வருஷமா சுமந்தேன். இப்ப இந்த எழுத்தரை வாசிக்கச் சொல்லி ரெண்டு நாள் கேட்டேன். இவர் ரெண்டு இடத்துல சிரிச்சார். நான் சிரிக்கல.

எங்க அப்பன் பஞ்சு மூட்டை தூக்கினவன், சரி. ஒன்பது வயசுல கயிறு மேல நடந்தேன், சரி. விழுந்து கால் ஒடிஞ்சுது, அதுவும் சரி. "அன்று முதல் அவர் நகைச்சுவையை நாடினார்"னு எழுதியிருக்கீர். நான் எதையும் நாடல. நொண்டிக்கிட்டே எழுந்தேன், ஜனம் சிரிச்சுது, அவ்வளவுதான். சிரிச்சவனுங்க பல்லை உடைக்கணும்னுதான் அப்ப தோணுச்சு. அதை எழுதலையே நீர்?

மூணாம் அத்தியாயம். கோக்கந்து அரண்மனையில நான் தண்ணி அதிகாரி வேஷம் போட்டேன், கான் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சார். கண்ணைத் தொடச்சுக்கிட்டு, "இப்ப என்னைப் போல நடி"ன்னார். "உங்களை மாதிரி நடிக்க உங்களால மட்டும்தான் முடியும் ஹுஸூர்"னேன். ஒன்பது நாள் குழியில போட்டார். அதுவரைக்கும் சரியாத்தான் எழுதியிருக்கீர். அப்புறம் "அவர் அழுது மன்னிப்புக் கேட்டார்"னு ஒரு வரி! யாருய்யா அழுதது? எனக்கு ஜலதோஷம்!

எழுதும்யா, ஜலதோஷம்னு எழுதும். எழுத்தர் என்னைப் பார்க்கற பார்வை சரியில்ல.

இன்னொண்ணு கேக்கறேன். நாப்பது கூத்துக்கும் ஓரத்துல பேரு போட்டிருக்கீர். வரி வாங்கறவன், பொய் வைத்தியன், புது ஹாஜி, எல்லாவனுக்கும் பேரு. 'பேனா சீவறவன்' கூத்துக்கு மட்டும் ஓரம் காலியாமே? ஒருத்தன் ஒரு கடிதம் எழுத உக்காந்து, நாணல் பேனாவைச் சீவறான், சீவறான், முனை சரியில்லன்னு மறுபடி சீவறான், கடைசியில பேனாவே இல்ல, கையில கத்திதான் இருக்கு. அவன் யாருன்னு மர்கிலானுக்கே தெரியும். மிர்ஜாவுக்கு மட்டும் தெரியலையாக்கும்! மத்தவன் பேருன்னா கை அரிக்குது, சொந்தப் பேருன்னா அரிப்பு அடங்கிப் போச்சு.

பொய்ச்சாட்சி சொல்ல மாட்டாராம். அங்க ஒருத்தன் இருமிக்கிட்டுக் கிடக்கான்.

நார்மத்


மர்கிலான்
ஜமாதுல் அவ்வல் 3

நார்மத்,

இந்தக் கடிதத்துக்கு வரைவு எழுதவில்லை.

அந்த நாடகத்தை நீங்கள் முதலில் ஆடியது பதினோரு ஆண்டுகளுக்கு முன், என் மைத்துனன் திருமணத்தில். நானும் என் மனைவியும் முன்வரிசையில் இருந்தோம். என் நடையில் வந்தீர்கள். என்னைப் போலவே மூக்கைத் தடவினீர்கள். முந்நூறு பேர் மேடையை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டாள், பிறகு மறுபடியும் சிரித்தாள். அவள் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவளை நினைத்தால் என்னைப் பார்த்துச் சிரித்த அந்தச் சிரிப்புதான் கேட்கிறது, அதை எனக்குக் கொடுத்தது நீங்கள். அப்படியிருந்தும் இரண்டு குளிர்காலம் உங்களுக்குத் தேநீர் ஊற்றி உங்கள் வாழ்வை எழுதினேன். அந்த ஓரம் காலியாக இருப்பதற்கு நான் உங்களுக்கு விளக்கம் தர வேண்டுமா?

ஊர் முழுவதையும் மேடையில் ஏற்றிக் கூறு போட்டு விற்கிறவர் நீங்கள். உங்களைப் பற்றி யாரோ ஒரு வரி எழுதினால் மட்டும் ஜலதோஷம் வந்துவிடுகிறது.

நேற்று சிறைக்குள் போனேன். சேவகன் வழிமறித்தான். "கச்சேரி மிர்ஜாவை நிறுத்த உனக்கு எழுத்துமூலம் உத்தரவு இருக்கிறதா?" என்று கேட்டேன். இப்படி ஒரு கேள்வி என் வாயிலிருந்து வந்ததில் அவனைவிட நான்தான் பயந்தேன். விட்டுவிட்டான்.

ஆஷூர் இளைத்திருக்கிறார். சாளரத்தின் பக்கம் வந்து, "அட, மிர்ஜா! நீங்களும் என்ன கூத்தாடி ஆயிட்டீங்களா, உங்களையும் புடிச்சுட்டாங்களா?" என்றார். ரொட்டி தந்தேன். "இந்த ரொட்டி எந்தக் காஜியைக் குறிக்கும்னு ஓரத்துல எழுதிட்டீங்களா? சாப்பிட்டப்புறம் வழக்கு வந்துடப் போகுது" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. நெடுநேரம் இருமினார். உங்களைப் பற்றிச் சொன்னேன், ஓஷில் நலமாக இருக்கிறார் என்று. "கூரையெல்லாம் நல்லா ஏறுவார்" என்றார்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். கோபத்தை ஒருபக்கம் வைத்துவிட்டு நேராகப் பதில் எழுதுங்கள். முலாம்பழக் காஜி எங்கள் புர்ஹான் காஜியா, இல்லையா? 'இல்லை' என்பது உண்மையானால் அதைச் சபையில் சொல்வேன். 'ஆம்' என்றால் என்னால் ஆகாது. ஆஷூர் இருமுவதைக் கேட்டுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

இனாயத்துல்லா


ஓஷ்
ஜமாதுல் அவ்வல் 11

மிர்ஜா,

உங்களுக்கு இவ்வளவு கோபம் வரும்னு தெரிஞ்சிருந்தா அதையும் கூத்துல சேர்த்திருப்பேன்.

அவர் புர்ஹான் காஜியான்னு கேக்கறீங்க. எனக்கென்னய்யா தெரியும்?

அந்தக் கூத்த முதல்ல ஆடினது கோக்கந்துல, கான் இருந்தப்ப. அன்னிக்கு உங்க புர்ஹான் காஜியே ஆகல, எங்கயோ மாணவனா உக்காந்து பாடம் ஒப்பிச்சிருப்பார். கோக்கந்துக்காரங்க அவங்க காஜி பேரச் சொல்லிக் கத்தினாங்க. அந்திஜானுக்குப் போனேன். அதே தலையணை, அதே பழம். அங்க வேற பேரச் சொல்லிக் கத்தறாங்க. நமங்கான்ல ஒரு கெழவி எழுந்து நின்னு, "அடப்பாவி, இது எங்க காஜியேதான்டா, தாடியைக்கூட விடலயே!"ன்னா. நமங்கான் காஜியை நான் இன்னிவரைக்கும் பார்த்ததில்ல. முந்தாநாள் இந்த ஓஷ்ல, வயித்துப்பாட்டுக்குத் தனியா ஆடினேன். முடிஞ்சதும் ரெண்டு பேரு வந்து, "எங்க காஜிய எப்ப பார்த்தீங்க? அச்சு அசல்!"னு கையைப் புடிச்சுக்கிட்டாங்க.

நான் வயிறு குடுக்கறேன், தலைப்பாகை குடுக்கறேன். மொகத்த ஜனம் வெக்குது. முப்பத்திநாலு வருஷத்துல மேடையில ஒரு பேரு சொன்னதில்ல. கானே கேட்டும் அவரா நடிக்கல, குழிக்குப் போனேன். உங்க ஊர்ல அந்த மூஞ்சிய வெச்சது நானில்ல. கூட்டத்தோட உக்காந்து பார்த்த நீங்க.

இதுதான் நேரான பதில். பத்தலைன்னா பேனாவைச் சீவிக்கிட்டே இருங்க.

ஆஷூர் கூரையைப் பத்தி வேற ஏதாவது சொன்னானா? சொல்லியிருந்தா எழுதுங்க. இல்லாட்டி வேணாம்.

நார்மத்


மர்கிலான்
ஜமாதுல் அவ்வல் 28

நார்மத்துக்கு,

விசாரணை முடிந்தது. ஆஷூர் விடுதலையாகிவிட்டார். முதலில் இதை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுகிறேன்.

தம் வழக்கைத் தாமே விசாரிக்கக் கூடாது என்பதால் புர்ஹான் காஜி அந்திஜான் காஜியையும் நமங்கான் காஜியையும் அழைத்திருந்தார். தாம் வாதியாகப் பக்கத்தில் உட்கார்ந்தார். நவ்ரோஸுக்கு வந்த கூட்டம் வாசல்வரை நின்றது. புத்தகத்தை என் முன்னால் வைத்தார்கள்.

"இந்த ஓரக்குறிப்பு உம்முடைய கையா?" என்று அந்திஜான் காஜி கேட்டார்.

"ஆம், ஐயா."

"நடிகன் சொல்லி எழுதினீரா?"

"இல்லை. அவர் எந்த ஊரிலும் எந்தப் பெயரும் சொன்னதில்லை. நானாக எழுதினேன்."

இதோடு முடிந்திருக்க வேண்டும். நீங்கள் கேட்ட ஒரு வாக்கியம் இதுதான். ஆனால் புர்ஹான் காஜி எழுந்தார். "என் பெயரை ஏன் எழுதினாய்? என்மேல் உனக்கு என்ன பகை?" என்றார். அவர் காஜியாக வந்த நாள் முதல் என்னை ஒருமையில் அழைத்தது அதுவே முதல்முறை.

பகை எதுவும் இல்லை என்றேன். "பிறகு?" என்றார். நான் பதிலை யோசித்து வைத்திருக்கவில்லை. கேட்டதற்கு உள்ளதைச் சொன்னேன். "வாதுமைத் தோப்புக்கு அண்ணனும் தம்பியும் வழக்குக்கு வந்தார்கள், ஐயா. தீர்ப்பு வரும்வரை விளைச்சல் தங்கள் வீட்டுக்கு வர வேண்டும் என்று உத்தரவு போட்டீர்கள். மூன்று கோடை வந்தது. மூன்று உத்தரவையும் நான்தான் எழுதினேன். அதனால் நாடகத்தைப் பார்த்தபோது எனக்கு வேறு முகம் நினைவுக்கு வரவில்லை."

வாசலில் யாரோ ஒருவர் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும்.

அந்திஜான் காஜி கையை உயர்த்தி அடக்கினார். "இந்த நாடகத்தை எங்கள் ஊரிலும் ஆடியிருக்கிறார்களாமே. அங்கே பார்த்திருந்தால் யார் பெயரை எழுதியிருப்பீர்?" என்றார்.

"நான் அந்திஜான் கச்சேரியில் வேலை பார்த்ததில்லை, ஐயா" என்றேன். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. அது உண்மை. ஆனால் மறுபடியும் சிரித்தார்கள். இந்த முறை அடங்கவே இல்லை. நமங்கான் காஜி அவசரமாக, நடிகர்கள்மீது குற்றம் இல்லை, குற்றம் எழுத்தருடையது என்று தீர்ப்பைச் சொல்லி முடித்தார். மூன்றாவது கேள்வி தம்முடையதாகிவிடும் என்று பயந்திருப்பார்.

அன்று மாலையே என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். புத்தகத்தை முற்றத்தில் எரித்தார்கள். உங்கள்மேல் இருந்த பிடி உத்தரவும் ரத்தாகிவிட்டது. நீங்கள் வரலாம்.

ஆஷூர் இப்போது என் வீட்டில் இருக்கிறார். ஆட்டுக்கொழுப்பு போட்ட சூப்பு குடிக்கிறார், இருமல் குறைந்திருக்கிறது. வெளியே வந்ததும் உங்களிடம் புறப்பட்டு வருவார் என்று நினைத்தேன். ஓஷுக்கு வண்டி பேசட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். மூன்றாம் நாள்தான் காரணம் சொன்னார்.

"ஏணியை நான்தான் புடிச்சேன், மிர்ஜா. 'நீ ஏறு, பின்னாலேயே வரேன்'னு சொன்னேன். ஏறினார். நான் முதல் படியில கால் வெச்சேன். ஏணி மேல போயிடுச்சு. சேவகனுங்க ஏறிடக் கூடாதுன்னு பயந்து இழுத்திருப்பார், சரி. எனக்கு ஒண்ணுதான் தெரியணும். இழுக்கறதுக்கு முன்னால கீழ பார்த்தாரா? நான் அங்க நிக்கறத பார்த்தாரா? அதை மட்டும் கேட்டு எழுதுங்க."

அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

நார்மத், உங்கள் கடிதங்களைப் படித்து ஆஷூரின் சிறைக்கு நான் ஒருவனே காரணம் என்று ஏறக்குறைய இரண்டு மாதம் நம்பினேன். என் பங்கை நான் மறுக்கவில்லை. சபையில் அதைச் சொல்லிவிட்டேன். மற்றொருவர் பங்கையும் சேர்த்து என் தலையில் வைத்து, அதற்கு மேல் என்னைக் கேலியும் செய்தீர்கள். இதற்கு என்னிடம் பொறுமை இல்லை. ஆஷூரின் கேள்விக்குப் பதில் எழுதுங்கள். எனக்கு வேறு எதுவும் எழுத வேண்டாம்.

இனாயத்துல்லா


ஓஷ்
ஜமாதுல் ஆகிர் 6

மிர்ஜா அண்ணனுக்கு ஸலாம். ஸலாமை இந்த முறை நானாவே சொன்னேன்.

நாலு நாளா எழுத்தரோட எதிர்ல உக்காந்து எழுந்து போயிக்கிட்டிருக்கேன். என்ன சொல்றதுன்னு தெரியாம இல்ல. நேத்து ஒரு பொய் சொல்லிப் பார்த்தேன். 'இருட்டா இருந்துச்சு, புகையா இருந்துச்சு, கூட்டம் மறைச்சுது'ன்னு. இவர் எழுதினார். வாசிச்சும் காட்டினார். நல்லாத்தான் இருந்துச்சு, நம்பற மாதிரி. கிழிச்சுப் போட்டேன். நாலு பந்தம் எரியற முற்றத்துல என்ன இருட்டு?

உங்களைத் திட்டத் திட்ட எனக்கு நல்லாத் தூக்கம் வந்துச்சு அண்ணே. வேற யாரைத் திட்டியும் வரல.

கீழ எழுதறது ஆஷூருக்கு. அவனுக்கும் எழுத்து தெரியாது, நீங்கதான் படிச்சுக் காட்டணும். மெதுவா வேணாம், ஆறுதலா வேணாம். அவன் எதிர்ல உக்காந்து, சத்தமா. அவன் எழுந்து போனா பின்னாலயே போயிப் படிங்க.

ஆஷூர், பார்த்தேன். ஏணியோட மேல் நுனி என் ரெண்டு கையில. உன் கால் முதல் படியில. நீ அண்ணாந்து பார்த்தே, மூக்குக்குக் கீழ அந்தத் தம்பி வேஷ மீசை பாதி உரிஞ்சு தொங்கிக்கிட்டிருந்துச்சு. சேவகன் உனக்குப் பின்னால பத்தடி தள்ளி. நான் ஒரு மூச்சு பொறுத்திருந்தா நீயும் ஏறியிருப்பே. அது எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சுதான் இழுத்தேன். இழுத்தவன் நார்மத். பேர் போட்டு எழுதச் சொல்லியிருக்கேன்.